யாழ்ப்பாணம் போகாத ஐந்து மாதம்

"அந்த மின்னஞ்சலை எழுதியது நான் இல்லை."

தனுஷா தொலைபேசியில் மூன்றாவது தடவையாக இதைச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவள் மருத்துவக் கல்லூரியின் அனுமதிப் பிரிவு அதிகாரி. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"உங்கள் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது, தனுஷா. மூன்று வருடங்களுக்கு முன்னால், ஜூலை நான்காம் தேதி. 'என் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை, சிறப்புச் சலுகை கேட்ட என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று. இப்போது அதே பருவத்தில் அம்மாவுக்குக் கடும் நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய்."

"பழையதுதான் பொய்."

"அப்படியானால் அதை அனுப்பியவர் சட்டப்படி உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சாட்சி முன்னால் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அம்மாவின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரிக் கடிதமும் வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள்."

"வராவிட்டால்?"

"உங்கள் மதிப்பெண்ணை உள்ளபடியே எடுத்துக்கொள்வோம்."

உள்ளபடியே என்றால் கதை முடிந்தது. இங்கே ஒன்பதுக்கு ஆறு சராசரி இருந்தால்தான் விண்ணப்பத்தையே திறப்பார்கள். தனுஷாவின் பட்டப்படிப்புச் சராசரி ஐந்து புள்ளி ஏழு. அந்த ஒரு பருவத்தை மட்டும் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஆறு புள்ளி நான்கு. ஆறு பருவங்களில் ஐந்தில் ஒழுங்காகப் படித்தவள், இரண்டாம் வருட முதல் பருவத்தில் மூன்று 'சி', ஒரு 'சி பிளஸ்' வாங்கியிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எழுதி அப்போதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமும் போட்டிருந்தாள். பதில் வரவில்லை. தரமாட்டார்கள் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிப்பை முடித்தாள். இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. இந்த வருடம் துணிந்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, மறுபடியும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தாள்.

மணி பத்து பத்து. இல்லத்தின் தேநீர் அறையில் நின்றபடியே, அதிகாரி அனுப்பி வைத்த பழைய மின்னஞ்சலைத் திறந்தாள்.

ஏழே வரி ஆங்கிலம். அதற்குள் மூன்று இடத்தில் 'கைண்ட்லி'. ஒரு இடத்தில் 'ஹம்ப்ளி'. கடைசியில் நன்றி கூறி, தங்கள் உண்மையுள்ள, தனுஷா சிவனேசன்.

இருபது வயதுப் பெண் எவள் இப்படி எழுதுவாள்?

ஆக்லாந்தில் பாதித் தமிழருக்கு இந்த ஆங்கிலம் தெரியும். விசா அலுவலகத்துக்கும், வங்கிக்கும், வீட்டு வாடகை முகவருக்கும் அவர்கள் பெயரில் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரே மனிதரின் ஆங்கிலம் அது.

"அப்பா!" என்றாள் தனுஷா. பக்கத்தில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்த பிலிப்பினோ நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

சீருடையோடு, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காரை எடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலைகளில் சிவனேசன் ஜே.பி.யை சான்ட்ரிங்ஹாமில் யோகராணியின் சாப்பாட்டுக் கடையில் பார்க்கலாம். கடைசி மேசை. பால் விடாத ஒரு பிளேன்டீ, ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. சமாதான நீதவான் பதவி கிடைத்துப் பதினொரு வருடம். பாஸ்போர்ட் நகலா, பிறப்புச் சான்றிதழா, சத்தியக் கடதாசியா, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துத்தான். ஒரு சதமும் வாங்கமாட்டார். "உண்மைக்கு விலையில்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

தனுஷா போனபோது ஐந்து பேர் காத்திருந்தார்கள். அவள் வரிசையைத் தாண்டிப் போய்க் கைபேசியை அவர் முன்னால் வைத்தாள்.

"இதை ஆர் எழுதினது?"

சிவனேசன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஒரு வரிதான் வாசித்திருப்பார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"பிள்ளை, வீட்டை போய்க் கதைப்பம். ஆக்கள் நிக்கினம்."

"வீட்டை போக நேரமில்லை. என்ரை பேரிலை, என்ரை கணக்குக்குள்ளை போய் எழுதியிருக்கிறியள். எழுதிப்போட்டு அதை அழிச்சும் இருக்கிறியள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"மெல்லக் கதை."

"மூண்டு வருசம் மெல்லத்தானே கதைச்சனான்! பல்கலைக்கழகம் பதில் போடேல்லை எண்டு நான் அழேக்கை, பக்கத்திலை இருந்து 'அவங்கள் அப்பிடித்தான் பிள்ளை' எண்டு முதுகு தடவினியளே அப்பா! அந்தக் கைதானே இதை எழுதினது?"

வரிசையில் நின்றவர்கள் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை மும்முரமாக வாசித்தார்கள். கல்லாவில் யோகராணி சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

சிவனேசன் எழுந்து அவளைச் சமையலறைப் பக்கமாக நகர்த்திக்கொண்டு போனார். குரலை அடக்கிச் சொன்னார்.

"அந்த விண்ணப்பத்துக்குக் குடும்ப டொக்டர் கடிதம் குடுக்கவேணும். எங்கடை டொக்டரின்ரை வரவேற்பிலை இருக்கிறது ஆர்? அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிளையின்ரை சித்தி. தாய்க்கு அந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் பொம்பிளை எடுப்பினமோ? நான் ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினனான்."

"என்னை வித்து!"

"விசர்க்கதை கதையாதை. நீ பிறகு படிச்சு மார்க்ஸைக் கூட்டுவாய் எண்டு நினைச்சன்."

"இப்ப ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேணும். நான்தான் அனுப்பினனான், மகளுக்குத் தெரியாது எண்டு. பின்னேரம் அஞ்சு மணிக்குள்ளை."

சிவனேசன் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

"ஒரு ஜே.பி., இன்னொருத்தரின்ரை பேரிலை பொய் எழுதினன் எண்டு சத்தியம் செய்யிறதோ? இந்த முத்திரையைத் திருப்பிக் குடுக்க வேண்டி வரும். முடியாது."

"முடியாதோ?"

"அடுத்த வருசம் பார்ப்பம். அவுஸ்திரேலியாவிலை போட்டுப் பார்ப்பம். நான் எல்லா இடத்துக்கும் கடிதம் எழுதித் தாறன்."

கடிதம்! அந்த ஒரு சொல்லில் தனுஷாவின் உடம்பு முழுக்க எரிந்தது. எல்லாவற்றையும் அங்கேயே உரக்கச் சொல்லிவிடலாம் போல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வருத்தம், அந்த நோய், அம்மாவுடையது. அம்மா சொல்லாமல் அதை வெளியே எடுக்க அவளுக்கு உரிமை இல்லை. அந்த மரியாதைகூடத் தெரியாத மனிதரா இவர்?

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். மணி பதினொன்று ஐந்து.

*

இரண்டு தெரு தள்ளி வீடு. நிர்மலாதேவி வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சொல்லச் சொல்லக் கத்தியின் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

"அவையள் இல்லை எண்டிட்டினம் எண்டுதானே அப்பா எனக்குச் சொன்னவர்?"

"அவையள் இல்லை எண்டு சொல்லேல்லை, அம்மா. அப்பாதான் வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறார்."

நிர்மலாதேவி கதிரையில் உட்கார்ந்தாள். அவள் கண்கள் பின் அறைப் பக்கம் போயின.

அந்த ஐந்து மாதத்தை இந்த வீடு மறக்கவில்லை. மார்பில் கட்டி என்று தெரிந்த வாரமே சிவனேசன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: நிர்மலா யாழ்ப்பாணம் போயிட்டா, தமக்கைக்குச் சுகமில்லை. அதற்குப் பிறகு நிர்மலா இந்த நாட்டில் இல்லை. யாராவது மணியடித்தால் அவள் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். இரும முடியாது. கழிவறைத் தண்ணீர் திறக்க முடியாது. தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முன் அறையில் இரண்டு மணி நேரம் வடை சாப்பிட்டபோது, மருந்து ஏற்றி வந்த உடம்போடு அவள் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, துவாயை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெளியார் யாரையும் கேட்க முடியாது. கூட்டிப்போனது தனுஷா. பின் இருக்கையில் அம்மாவைப் படுக்க வைத்து, போர்வையால் மூடி, சான்ட்ரிங்ஹாம் ரோடு தாண்டும்வரை எழும்பாதேங்கோ என்று சொல்லி ஓட்டியது. ஆய்வுக்கூட வகுப்புகள் போயின. பரீட்சைக்கு முதல் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். விடிய நேரே பரீட்சை மண்டபத்துக்குப் போனாள்.

அதைவிடக் கூத்து முடிவில். "ஊரிலிருந்து திரும்பி வந்த" நிர்மலா எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவர வேண்டாமா? சிவனேசன் ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் ஒடாஹுஹுவில் ஒரு கடையில் பனங்கட்டி வாங்கி, விலைச்சீட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கிழித்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். முடி ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்டவர்களுக்கு, ஊரில் பேன் என்று நிர்மலாவே சொன்னாள்.

இப்போது அவள் எழுந்து போய் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து நீலக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரிக் கடிதங்கள், தேதி வாரியாக.

"இதிலை எது வேணுமோ எடு. சம்மதம் எண்டு எங்கை கையெழுத்து வைக்கிறது?"

வைத்தாள். பேனாவை மூடினாள். செருப்பைப் போட்டாள்.

"எங்கை அம்மா?"

"உன்ரை அப்பாட்டை. வெள்ளிக்கிழமை அவரை எங்கை பார்க்கலாம் எண்டு எல்லாருக்கும் தெரியுமே."

*

மதியச் சாப்பாட்டு நேரம். கடை நிறைந்திருந்தது. நிர்மலாதேவி வந்த வேகத்தைப் பார்த்து யோகராணி கல்லாவிலிருந்து எழுந்தாள்.

"என்ன நிர்மலாக்கா, வெயிலுக்குள்ளை?"

"யோகம், நீ மூண்டு வருசத்துக்கு முன்னம் இவருக்கு அஞ்சு மாசம் சோறு அனுப்பினனி. நான் ஊருக்குப் போயிட்டன், மனிசன் தனிய எண்டு."

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"நிர்மலா!" கடைசி மேசையிலிருந்து சிவனேசன் பாய்ந்து வந்தார். "நீர் வீட்டை போம். நான் வாறன்."

நிர்மலாதேவி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"நான் ஊருக்குப் போகேல்லை, யோகம். வீட்டிலை பின்னறைக்குள்ளை இருந்தனான். எனக்கு மார்பிலை கான்சர். வெட்டி, மருந்து ஏத்தி, சுகமாக்கினவை. இவர்தான் ஒளிச்சு வைச்சவர். நானும் ஒளிஞ்சு இருந்தனான்."

யாரோ ஒருவருடைய கைபேசி மட்டும் கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் அமர்த்தினார்கள்.

யோகராணியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"அப்ப நான் அனுப்பின சோறு..."

"நானும் சாப்பிட்டனான்."

"அடப் பாவி அண்ணை!" யோகராணி சிவனேசனைப் பார்த்து வெடித்தாள். "வாயெல்லாம் புண்ணாய்க் கிடந்த மனுசிக்கு நான் நண்டுக்கறி அனுப்பியிருக்கிறன்! மிளகாய்த்தூள் அள்ளிக் கொட்டி! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கஞ்சி காய்ச்சித் தந்திருப்பனே! பக்கத்திலை வந்து இருந்திருப்பனே! 'கறி நல்ல உறைப்பு யோகம்' எண்டு வேறை ஃபோன் எடுத்துச் சொன்னனீர்!"

"அது... அப்ப பெரியவளின்ரை கலியாணம்..." என்று தொடங்கினார் சிவனேசன்.

"பெரியவளுக்காக நான் வாய் மூடினன்," என்றாள் நிர்மலாதேவி. இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "அது என்ரை பிழை. அதை நான் சுமக்கிறன். சின்னவளின்ரை வாயையும் சேர்த்து மூடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? அவள் என்னைத் தூக்கிக் கொண்டு திரிஞ்சதுக்கு நீங்கள் குடுத்த சம்பளமோ அது? என்ரை வருத்தம் உங்களுக்கு அவமானமோ? வெட்டினது என்ரை உடம்பு! இண்டைக்கு அந்தப் பத்திரம் எழுதாட்டில், அந்த முத்திரையோடை நீங்கள் இந்த மேசையிலையே குடியிருக்கலாம். வீட்டுக்கு வரவேண்டாம்."

வரிசையில் பத்திரத்தோடு நின்ற ஒருவர் மெல்லத் தன் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு நழுவினார். அவர் பின்னால் இன்னொருவர்.

அது சிவனேசனைச் சுட்டது. மனைவியின் சொல் சுட்டதைவிட அதிகமாகவே சுட்டது என்று தனுஷாவுக்குத் தோன்றியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

*

எழுதச் சம்மதித்தாலும், தன் பத்திரத்துக்குச் சிவனேசன் தானே சாட்சி வைக்க முடியாது. வேறொரு ஜே.பி. வேண்டும். ஆக்லாந்துத் தமிழ் ஜே.பி.க்கள் அத்தனை பேரையும் சிவனேசனுக்குத் தெரியும், அதனால்தான் அவர்கள் யாரும் வேண்டாம் என்றார். வெஸ்ட்கேட் நூலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் மூன்றரை மணிக்குப் பிறகுதான் ஒரு வெள்ளைக்காரர் இருப்பாராம். மோட்டார்வே நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போனார்கள். சிவனேசன் பின் இருக்கையில் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தார்.

நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு ஜே.பி. மேசைக்குப் போனால், வெள்ளைக்காரர் விடுமுறையில். அவர் இடத்தில் அந்தோணிசாமி உட்கார்ந்திருந்தார். ஈப்போவிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே இருக்கும் மலேசியத் தமிழர். போன வருட ஜே.பி.க்கள் விருந்தில் சிவனேசனுக்குப் பக்கத்து நாற்காலி.

"என்னா பாஸ், நீங்களே கையெழுத்து வாங்க வந்துட்டீங்க? முத்திரையில மை தீந்துபோச்சா?"

சிவனேசன் சிரிக்க முயன்றார். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே வைத்து நீட்டினார். மணி மூன்று ஐம்பது.

"பொறுங்கோ," என்றாள் தனுஷா. "நான் ஒருக்கா வாசிக்கிறன்."

"நேரமில்லை பிள்ளை. எல்லாம் சரியாய் எழுதியிருக்கிறன்."

அவள் தாள்களை இழுத்து எடுத்தாள். முதல் பத்தி சரி. இரண்டாவது சரி. மூன்றாவது பத்தியில், கைண்ட்லிக்கும் ஹம்ப்ளிக்கும் நடுவில், ஒரு சின்ன வாக்கியம் பதுங்கியிருந்தது: 'எனது மகளின் சம்மதத்துடன் நான் இதை அனுப்பினேன்.'

"சம்மதமோ?"

அவள் குரல் நூலகம் முழுக்கக் கேட்டது. குழந்தைகள் பகுதியில் கதை வாசித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"சம்மதத்தோடை அனுப்பினது எண்டால் நானும் சேர்ந்து பொய் சொன்னனான் எண்டுதானே அர்த்தம்? அவையள் என்னை இண்டைக்கே தூக்கி எறிவினம்! அது தெரிஞ்சுதானே எழுதினனீங்கள்?"

"சும்மா ஒரு மரியாதைக்கு... அப்பிடி எழுதினால் ஆள்மாறாட்டம் எண்டு வராது... எனக்கும் ஒரு வழி வேணுமே பிள்ளை..."

"உங்களுக்கு வழி விட நான் ரோட்டிலை நிக்கிறதோ?"

அந்தோணிசாமி சிரிப்பை நிறுத்தியிருந்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"பாஸ், உள்ள என்னா எழுதியிருக்குன்னு நான் படிக்க வேண்டிய அவசியம் இல்ல. ஆனா இப்ப என் காதுல விழுந்துடுச்சு. இது எல்லாமே உண்மையான்னு நான் கேக்கணும், நீங்க ஆமான்னு சொல்லணும். பதினோரு வருசமா நீங்க மத்தவங்களக் கேட்டதுதான்லா. சொல்லுங்க. பொண்ணு சம்மதிச்சிச்சா?"

சிவனேசன் மேசையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பின்னால் நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்க்கத் துணியவில்லை.

"இல்லை," என்றார்.

"அப்ப அந்த வரிய வெட்டுங்க. பக்கத்துல ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போடுவோம்."

"'அவளுக்குத் தெரியாது' எண்டும் எழுதவேணும்," என்றாள் தனுஷா. "கையாலை எழுதுங்கோ. கைண்ட்லி இல்லாமல்."

எழுதினார். அந்தோணிசாமி சத்தியத்தைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். முத்திரை விழுந்தது.

கார் நிறுத்துமிடத்தில், காரின் மேல் மடிக்கணினியை வைத்துத் தனுஷா எல்லாவற்றையும் அனுப்பியபோது நான்கு முப்பத்தெட்டு.

"இனிக் கிடைக்கும்தானே பிள்ளை?" என்றார் சிவனேசன்.

"தெரியாது. என்ரை மார்க்ஸைப் பார்த்து வேண்டாம் எண்டால், சரி, வேண்டாம். உங்கடை கடிதத்தைப் பார்த்து வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது."

*

பதினெட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. அந்தப் பருவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. சராசரி ஆறு புள்ளி நான்கு. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தியாக அவளும் போகலாம், அவ்வளவுதான்.

நிர்மலாதேவி அதை இரண்டு தடவை வாசித்தாள். மகளின் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சினாள். யோகராணிக்கு ஃபோன் எடுக்கப் போனாள்.

சிவனேசன் சோபாவில் இருந்தார். பதினெட்டு நாளாக வீட்டில் யாரும் அவரோடு சோறு, தண்ணீர் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசைக்கும் அவர் போகவில்லை. முத்திரையைத் தானே திருப்பிக் கொடுப்பதா, கேட்கும்வரை காத்திருப்பதா என்று அந்தோணிசாமியிடம் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். இப்போது அவர் முகம் திடீரென்று பழையபடி மலர்ந்தது. கைபேசியை எடுத்தார். இரண்டு விரலால் வேகமாகத் தட்டினார்.

தனுஷாவுக்கு எதுவோ உறுத்தியது. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

சங்கத்தின் வாட்ஸப் குழு. முந்நூற்று நாற்பது பேர். 'எமது இளைய மகள் தனுஷா மருத்துவக் கல்லூரிக்குத் தெரிவாகியுள்ளார் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடனும் தாழ்மையுடனும்...'

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே.

அவள் கைபேசியைப் பறித்தாள்.

"தெரிவாகேல்லை! நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். அதுக்குள்ளை என்னை டொக்டராக்கி ஊருக்கு அறிவிக்கிறியளோ? இல்லாததை இருக்கு எண்டும் எழுதுவியள், இருந்ததை இல்லை எண்டும் எழுதுவியள்! உங்கடை வாயிலை ஒருக்காலும் நடந்தது நடந்தபடி வராதோ அப்பா?"

"சந்தோசத்திலை பிள்ளை... ஒரு நல்ல செய்தி..."

"என்ரை செய்தி."

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்தும் போகும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு கைபேசியை அவர் மடியில் வைத்தாள்.

"கிடைச்சால் நான் சொல்லுவன். கிடைக்காட்டிலும் நான்தான் சொல்லுவன்."

சிவனேசன் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னதான் எழுதுறது?" என்றார்.

"ஒண்டும் எழுதாதேங்கோ," என்றாள் தனுஷா. நேர்முகத் தேர்வின் தேதியைப் பார்க்க மின்னஞ்சலை மறுபடியும் திறந்தாள்.